ஓட்டத்துக்கு ஒரு வாக்கியம் குறைவு

என் வீட்டுக்காரருக்கு அகராதி ஆபீசில் வேலை. ஆங்கிலச் சொற்களுக்குத் தமிழில் பொருள் எழுத வேண்டும். மற்றவர்கள் வாரத்துக்கு இருபது சொல் முடிப்பார்கள். இந்த மனிதர் ‘ரன்’ என்ற ஒரே சொல்லோடு ஒன்றரை வருடம் மாரடித்தார். ‘ஓடு’ என்று எழுதிவிட்டு எழுந்து வர வேண்டியதுதானே என்று நினைத்தேன். அட, ஆங்கிலத்தில் எல்லாமே ஓட்டம்தானாம்! மூக்கு ஒழுகினால் ஓட்டம், துணியில் சாயம் போனால் ஓட்டம், கடை நடத்தினால் ஓட்டம். தேர்தலில் நாம் நிற்கிறோம். அவர்கள் அங்கேயும் ஓடுகிறார்களாம்.

ஒவ்வொரு பொருளுக்கும் தமிழில் ஒரு வாக்கியம் வேறு வேண்டும். அதையும் சொந்தமாகக் கட்டக் கூடாது, யாராவது நிஜமாகப் பேசியதாக இருக்க வேண்டும் என்பது அகராதியின் தலைமை ஆசிரியரின் கறாரான விதி. வெள்ளிக்கிழமைக்குள் முடிக்காவிட்டால் ‘ரன்’னைப் பிடுங்கிப் பக்கத்து மேஜைக்காரரிடம் கொடுத்துவிடுவேன் என்று அவர் சொல்லிவிட்டார். அதிலிருந்து இவருக்குச் சோறு இறங்கவில்லை.

வியாழக்கிழமை துவைக்க எடுத்த சட்டையின் பையில் கற்றையாக அட்டைகள் இருந்தன. “உங்க சட்டைச் சாயம் போயி என் வெள்ளைத் துணியெல்லாம் நீலமாயிடுச்சு.” “இந்த வீட்டை நடத்தறது நான். நீங்க சும்மா வந்து போறீங்க.” ஒவ்வொன்றின் கீழும் தேதி. நான் திட்டியதெல்லாம் அட்டை அட்டையாக!

எனக்கு வந்ததே கோபம்! “நான் கத்தறது உங்க காதுலயே விழலைன்னு நினைச்சேன். அச்சுல ஏத்தவா கேட்டுக்கிட்டிருந்தீங்க? போதும் சாமி, நான் எங்க அண்ணன் வீட்டுக்கே ஓடிப்போயிடறேன்!”

அவர் முகம் மலர்ந்தது. பேனாவைத் தேடினார். “அந்தக் கடைசி வரியை மட்டும் மெதுவா இன்னொரு தடவை சொல்லேன். அது ஒண்ணுதான் பாக்கி.”

மறுநாள் மத்தியானம் தலைமை ஆசிரியரிடமிருந்து போன் வந்தது. “அம்மா, அண்ணன் வீட்டுக்கு ஓடிப்போறேன்னு நிஜமாவே சொன்னீங்களா? கடைசி நாள்ல இவரே கட்டிட்டு வந்துட்டாரோன்னு சந்தேகமா இருக்கு.”

இல்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், பழி தீர்ந்துவிடும். நாக்கு நுனிவரை வந்துவிட்டது. போனில் பின்னால் இவர் இருமுவது கேட்டது. பயந்தால் இவருக்கு இருமல் வரும். எனக்குப் பாவமாகப் போய்விட்டது.

“சொன்னேன் சார். மனசாரத்தான் சொன்னேன்.”

“அப்புறம் ஏன்மா போகலை?”

“நான் போயிட்டா இந்த மனுஷன் அடுத்த வார்த்தைக்கு யாருகிட்ட திட்டு வாங்குவாரு?”

அவர் விழுந்து விழுந்து சிரித்தார். “அப்ப சரி. உங்களை நம்பி அடுத்து ‘கோ’வைக் குடுத்துடறேன். அதுவும் லேசுப்பட்டது இல்ல, ரெண்டு வருஷம் இழுக்கும்.”

தவளை தன் வாயால் கெடும் என்பது சும்மாவா? மூன்று நாள் நான் வீட்டில் வாயே திறக்கவில்லை. நான்காம் நாள் இவர் புது அட்டைக்கட்டோடு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

“என் மேல ஏதாவது கோபமா?” என்று கேட்டார், ஆசையாக.