ஃபீனைல் கையும் கடைசிக் குட்டியும்

நான் பொறுக்கிக் கொடுத்த நாய்க்குட்டி இரண்டே நாளில் திரும்பி வந்தது. சாந்தோம் பள்ளிக்கூட வாத்தியார் அந்தோணி சார் அதை ஒரு கூடையில் வைத்து, மேலே துண்டைக் கட்டி, மயிலாப்பூரில் நான் வேலை பார்த்த மிருக டிஸ்பென்சரிக்குத் தூக்கிக்கொண்டு வந்தார். நான் அங்கே கம்பவுண்டர். நாயைப் பற்றி எனக்குத் தெரியாதது ஒன்றுமில்லை என்று நினைத்துக்கொண்டிருந்த வயது.

"பாவாடையைக் கவ்வி இழுத்துடுச்சுப்பா. விளையாட்டுக்குத்தான். ஆனா ஸ்டெல்லா கட்டில் மேல ஏறினவ இறங்கவே மாட்டேங்கிறா" என்றார்.

ஸ்டெல்லா அவர் மகள். ஏழு வயது. ஆறு மாதத்துக்கு முன் தெருநாய் கடித்து, வயிற்றில் பதினான்கு ஊசி போட்டுக்கொண்டவள். அதன்பிறகு அவள் தெருவில் கால் வைக்கவில்லை. சார் தினமும் அவளைத் தோளில் தூக்கிக்கொண்டுதான் பள்ளிக்கூடம் போவார். சாதுவான குட்டி ஒன்று வீட்டில் வளர்ந்தால் பயம் தெளியும் என்று என்னை நம்பி வந்திருந்தார். நம்பி வந்தவரை நான் நட்டாற்றில் விட்டிருந்தேன்.

குட்டிகள் அடையாற்றில் ஒரு துரை பங்களாவில் பிறந்தவை. துரைகளெல்லாம் மூட்டை கட்டிக்கொண்டிருந்த நாற்பத்தேழாம் வருஷம் அது. தாய் அசல் ரிட்ரீவர், சுட்ட பறவையைப் பல் படாமல் கவ்விக்கொண்டு வரும் ஜாதி, சாமந்திப்பூ நிறம். தகப்பன் பாலத்தடியில் படுத்திருக்கும் செவலை நாய் என்பது அந்த வட்டாரத்துக்கே தெரியும். துரைசானிக்கு அதில் மகா வருத்தம். எனக்கு வருத்தமில்லை. தாயின் சாந்தமும் நம்ம ஊர் வெயிலைத் தாங்கும் உடம்பும் சேர்ந்து அமைந்தால், கிராஸ் குட்டிக்கு மேல் குடும்பத்துக்கு வேறென்ன வேண்டும்?

தேர்ந்தெடுக்க எனக்கென்று ஒரு முறை வைத்திருந்தேன். கண், காது, ஈறு பார்ப்பேன். பின்னால் சாவிக்கொத்தைப் போட்டுச் சத்தத்துக்குத் திரும்புகிறதா என்று பார்ப்பேன். மல்லாக்கப் படுக்கவைத்து எவ்வளவு திமிறுகிறது என்று பார்ப்பேன். நாலு குட்டிகளில் ஒன்று என்னைக் கண்டதுமே தாயின் வயிற்றுக்கடியில் நுழைந்து ஒன்றுக்குப் போய்விட்டது. கோழை என்று அதைக் கழித்தேன். ஓடிவந்து என் விரலைக் கடித்த குட்டியைத்தான் சாருக்குக் கொடுத்தேன்.

திரும்பி வந்த அந்தத் துணிச்சல்காரனைக் கிண்டியில் ஒரு குதிரை லாயத்துக்காரர் காவலுக்கு வாங்கிக்கொண்டார். மற்ற இரண்டும் அதற்குள் கைமாறியிருந்தன. மீதி இருந்தது கோழை ஒன்றுதான்.

"அதையும் ஒரு தடவை பார்த்துடலாமே" என்று சார் கெஞ்சாத குறையாகக் கேட்டார். இந்த முறை பங்களாவுக்கு ஸ்டெல்லாவையும் தோளில் தூக்கி வந்திருந்தார். பங்களா ஆயா ரோசம்மா அவளைத் தன் கயிற்றுக் கட்டிலில் உட்காரவைத்தாள். ஸ்டெல்லா இரண்டு காலையும் மேலே இழுத்துக்கொண்டு கைக்குட்டையைக் கடித்துக்கொண்டிருந்தாள். குட்டியோ என்னைப் பார்த்ததும் ஒரு பூந்தொட்டிக்குப் பின்னால் ஒளிந்துகொண்டது.

"பாருங்க சார், மனுஷங்களைக் கண்டாலே நடுங்குது. இது ஆகாது" என்றேன்.

ரோசம்மா இடுப்பில் கை வைத்தாள். "இன்னா கம்பவுண்டரே பேசற? மனுசாளக் கண்டு இல்ல, உன்னக் கண்டுதான் நடுங்குது. பூச்சி மருந்துன்னு வெளக்கெண்ணெய அது வாயில ஊத்துனது யாரு? உன் கையில கீற ஃபீனைல் நாத்தம் கேட்டு வரிக்கும் வருது. நீ கொஞ்சம் அந்தாண்ட போய் நில்லு."

வாரா வாரம் மருந்து ஊற்றிய அதே கையோடு போய், அதே குட்டிகளுக்குச் சுபாவப் பரீட்சை வைத்திருக்கிறேன். வெளியே போய் கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

வெகு நேரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு குட்டி மெல்ல வெளியே வந்தது. ஸ்டெல்லா பயத்தில் கைக்குட்டையை நழுவவிட்டாள்; காற்றில் அது தள்ளிப்போய் விழுந்தது. குட்டி அதை முகர்ந்து பார்த்து, வாயில் எடுத்து, கட்டிலோரமாகக் கொண்டுவந்து வைத்துவிட்டு, இரண்டடி பின்வாங்கி உட்கார்ந்தது. அவள் குனிந்து எடுத்து, இந்தப்பக்கமும் அந்தப்பக்கமும் திருப்பிப் பார்த்தாள்.

"அப்பா, கிழியல" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து ஒரு காலைக் கீழே இறக்கினாள். சார் முகத்தைத் திருப்பிக்கொண்டு மூக்குக் கண்ணாடியைத் துடைத்தார்.

இந்தத் தொழிலுக்கு வருகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். குட்டியின் உடம்பை நீங்கள் பாருங்கள். சுபாவத்தை, அதை வளர்க்கப் போகிறவர்கள் தரையில் உட்கார்ந்து பார்க்கட்டும். அப்போது நீங்கள் கேட்டுக்கு வெளியே நில்லுங்கள்.

இரண்டு மாதம் கழித்து சாந்தோம் பக்கம் போயிருந்தேன். ஸ்டெல்லாவும் அந்த நாயும் நடுத்தெருவில் வந்துகொண்டிருந்தார்கள். என் வாடை பட்டதுமே நாய் அவள் பாவாடைக்குப் பின்னால் பதுங்கியது. ஸ்டெல்லா இரண்டு கையையும் விரித்து மறைத்துக்கொண்டாள்.

"கம்பவுண்டர் மாமா, கிட்ட வராதீங்க" என்றாள் என்னிடம். பிறகு திரும்பி நாயிடம், "பயப்படாத. நான்தான் இருக்கேன்ல?" என்றாள்.