ஒயில் ஒழுகிய இடம்

கண்டியில் எங்கள் அலுவலகத்தைக் கூட்டும் அம்மா, என் பழைய கார் நிற்கும் இடத்தில் தினமும் மரத்தூள் தூவி, எஞ்சினிலிருந்து ஒழுகிய ஒயிலைத் துடைப்பார். கராஜில் இரண்டு தடவை எஞ்சினின் நடுவிலுள்ள சீலை மாற்றியும் ஒழுக்கு நிற்கவில்லை என்று ஒருநாள் அவரிடம் அலுத்துக்கொண்டேன்.

"நடுவுல இல்லைங்க சேர். வலது பக்கம் டின் மாதிரி ஒண்ணு இருக்கே, அங்கேருந்துதான் வழியுது."

"நீங்க எப்பம்மா பாத்தீங்க?"

"போன மாசம் அதுல வழுக்கி விழுந்தேங்க. எந்திரிக்க முடியாம கெடந்தப்ப தெரிஞ்சிச்சு."

அவர் ஒரு காலை இழுத்து நடப்பதை வயதின் தளர்ச்சி என்றே நினைத்திருந்தேன்.

அன்றே கராஜில் அந்த ஒயில் பில்டரைக் கழற்றி ரப்பர் வளையத்தை மாற்றினார்கள். ஒழுக்கு நின்றது. மறுநாள் மன்னிப்புக் கேட்பதற்கென்றே நேரத்தோடு போனேன். அவர் காருக்கு அடியில் சிரமப்பட்டுக் குனிந்து பார்த்தார்.

"நின்னுருச்சுங்க சேர்!" என்று எனக்காகச் சந்தோஷப்பட்டார்.

"ஆமாம்மா" என்று மட்டும் சொல்லிவிட்டுப் படியேறிவிட்டேன். மன்னிப்பை இன்னும் கேட்கவில்லை.