ஈரம் படக்கூடாத கண்ணாடி

வெயிலிலிருந்து மின்சாரம் எடுக்கும் நகத்தளவுக் கண்ணாடி ஒன்றைப் பல்கலைக்கழக ஆய்வுகூடத்தில் நானே செய்திருந்தேன். ஒளியை வாங்குவது அதன் மேலுள்ள பிளாஸ்டிக் பூச்சு. அந்தப் பூச்சுக்கும் அலுமினியத்துக்கும் இடையில் கண்ணுக்கே தெரியாத படலம் ஒன்றை இட்டால் மின்சாரம் கூடும். கொஞ்சம் தடித்தால் வழியை அடைத்துக்கொள்ளும். மெலிந்தால் இட்டும் பயனில்லை. வருடக்கணக்கில் அந்தப் படலத்தோடு மல்லுக்கட்டினேன். கடைசியாகச் செய்த கண்ணாடியில் மீட்டர் முள் அதுவரை போகாத இடத்துக்குப் போனது.

அம்மாவிடம் சொன்னதுதான் வினை. அவர் புளத்கொகுபிட்டியப் பக்கம் ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டுபவர். "சரஸ்வதி பூசைக்குக் கொண்டாந்துரு. என் கத்தி பக்கத்துல வைக்கணும்" என்றார். எங்கள் கோயிலில் அன்று பால் வெட்டும் கத்திகளும் பிள்ளைகளின் புத்தகங்களும் சாமி முன்னால் ஒன்றாகத்தான் இருக்கும். ஈரம் பட்டால் கெட்டுவிடும் என்று படித்துப் படித்துச் சொன்னேன். காற்றுப் புகாத டப்பாவில் அடைத்து, மீட்டரோடு பஸ் ஏறினேன்.

சண்டை நடந்த காலம் அது. வழியில் சோதனைச் சாவடியில் எல்லோரையும் இறக்கினார்கள். டப்பாவையும் மீட்டர் வயர்களையும் பார்த்த சிப்பாய் "மே மொகக்த?" என்று கேட்டார். அது என்னவென்று சிங்களத்தில் சரளமாகத்தான் விளக்கினேன். அடையாள அட்டையிலிருந்த தமிழ்ப் பெயர் என்னைவிடச் சரளமாகப் பேசிவிட்டது. தூறலிலேயே டப்பாவைத் திறக்க வைத்தார்கள். மற்றவர்கள் ஏறிவிட்டார்கள், பஸ் எனக்காகக் காத்து நின்றது. ஜன்னலுக்கு ஜன்னல் முகங்கள். ஒரு தப்பும் செய்யாமலே, களவெடுத்துப் பிடிபட்டவளைப் போலக் கூனிக் குறுகி நின்றேன்.

வீட்டில் அதைப் பற்றி வாய் திறக்கவில்லை. சொன்னால் அம்மா என்னை மறுபடி கெம்பஸுக்கு அனுப்பவே பயப்படுவார். கண்ணாடியின் அலுமினியத்தில் சின்னச் சின்னக் கொப்புளங்கள் எழும்பியிருந்தன. வெயில் வந்தால் முள் கொஞ்சமாவது ஆடும் என்று நம்பிக்கொண்டிருந்தேன்.

பூசையன்று நல்ல வெயில். என் மகள் வெயிலில் கரண்ட் எடுக்கிறாள் என்று அம்மா லயத்து வீடுகள் முழுக்கத் தம்பட்டம் அடித்து வைத்திருந்தார். நான் குளித்துவிட்டுக் கோயிலுக்குப் போவதற்குள், கண்ணாடிக்கும் சந்தனம் குங்குமம் வைத்தாயிற்று. பூசை முடிந்ததும் தோட்டத் தொழிலாளர் சங்கத் தலைவர், "எங்க, கரண்டக் காட்டு பாப்பம்" என்றார். எல்லோரும் சுற்றி நிற்க, வயர்களை மாட்டி வெயிலில் பிடித்தேன். முள் அசையவில்லை.

யாரோ சிரித்தார்கள். எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. அம்மா கண்ணாடியை எட்டிப் பார்த்தார். ஓரத்தில் சந்தனம் இன்னும் காயவில்லை.

"ஐயோ! ஈரம் படக் கூடாதுன்னு புள்ள சொல்லிச்சே. பழக்கதோஷத்துல நாந்தான் சந்தனத்த வச்சிட்டேன்!" என்று தலையில் அடித்துக்கொண்டார்.

"இல்லம்மா, அது வழியிலயே கெட்டுப்போச்சு" என்றேன். "மழையில நனைஞ்சிருச்சு." சத்தமாகத்தான் சொன்னேன். ஒருவரும் நம்பவில்லை.

"பெத்தவள விட்டுக்குடுக்காத புள்ள" என்று தலைவர் எல்லோர் முன்னாலும் என்னைப் பாராட்டினார். கோயிலில் எனக்குப் போட வைத்திருந்த மாலையையும் போட்டுவிட்டார்கள். அம்மாவைப் பார்த்து, படித்த பிள்ளையின் சாமானில் கை வைக்கலாமா என்று ஆளாளுக்கு ஏசினார்கள். மாலையைக் கழற்றி எறியத் தோன்றியது. நான் மறுபடி மறுபடி இல்லை என்று சொல்ல, அவர்கள் மறுபடி மறுபடி என்னைப் புகழ்ந்தார்கள்.

கூட்டம் கலைந்ததும் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். அழுதிருந்தார்.

"எனக்காகச் சாமி முன்னால பொய் சொல்லாத புள்ள" என்றார்.