மேசையாகிப்போன தையல் மெசின்

பேசாலைச் சந்தைக்குப் பக்கத்தில் ஒரு சின்னத் தையல்கடை. என் பயணப்பையின் வார் அறுந்துவிட்டதால் உள்ளே உட்கார்ந்திருக்கிறேன். கடைக்காரி ஜெசிந்தா அக்கா கால்மெசினை மிதித்துத் தைக்கிறா. அவவின் தங்கச்சி பிரான்ஸிலிருந்து அனுப்பிய கறண்ட் மெசின் அலுமாரிக்கு மேலே பெட்டியோடு கிடக்கிறது.

"அதிலை தைக்கிறேல்லையோ, அக்கா?" என்று கேட்கிறேன்.

"அது தன்ரை பாட்டுக்கு ஓடும். இது என்ரை காலுக்குத்தான் ஓடும். நான் நிப்பாட்டினால் நிக்கும்."

காலையில் வந்த எரிச்சல் எனக்குத் திரும்பி வருகிறது. நான் தங்கிய ஹோட்டலில் சாப்பாட்டு மேசைக்கு இதே இரும்புக் கால்கள், இதே மிதி. மெசினைக் கழற்றிவிட்டு மேலே கண்ணாடி போட்டிருக்கிறார்கள். ‘பழமையின் அழகு’ என்று பக்கத்தில் ஒரு பலகை வேறு. துருவில்லை, உடைவில்லை. உழைக்கிற சாமானைப் பிடித்து வேலையில்லாமல் ஆக்கிவிட்டு, பிறகென்ன அழகு வேண்டிக்கிடக்கிறது? எல்லாவற்றையும் அக்காவிடம் கொட்டித் தீர்க்கிறேன்.

அக்காவின் கால் நிற்கிறது. "மிதி ஆடுதோ?"

"ஓம். சாப்பிடேக்கை மிதிச்சுப் பாத்தனான். லேசா ஆடுது."

"அப்ப நல்ல மெசின்! மேல்பக்கத்தை என்ன செய்தவை?"

"தெரியேல்லை."

நூலைப் பல்லால் கடித்து அறுத்து, பையை என் மடியில் பொத்தென்று போடுகிறா.

"இனி அங்கை சாப்பிட்டால் காலை வைச்சுக்கொண்டு சும்மா இருங்கோ. மிதிச்சால், தைக்க ஆள் வந்திட்டுது எண்டெல்லோ அது நினைக்கும்."