சர்க்கரை ஆலையைப் பார்க்க அனுமதி

பள்ளி வேலை நாட்களில் மாணவர்களை வெளியிடங்களுக்கு அழைத்துச் செல்ல மேலதிகாரியின் எழுத்துமூல அனுமதி பெற வேண்டும். விண்ணப்பம் கிடைத்த பதினைந்து நாட்களுக்குள் முடிவைத் தெரிவிக்க வேண்டும். இது விதி. முதல் பாதி பள்ளிக்கூடத்துக்கு, இரண்டாம் பாதி அலுவலகத்துக்கு. என் எழுத்தர் உத்தியோகத்தில் முதல் பாதியை மீறியவர்களுக்குக் குறிப்பாணைகளும், இரண்டாம் பாதியை மீறியவர்களுக்கு நினைவூட்டுக் கடிதங்களும் எத்தனையோ தட்டச்சு செய்திருக்கிறேன். குறிப்பாணைக்கு மட்டும் மூன்று நாளில் பதில் வந்துவிடும்.

அப்படிப்பட்ட ஒரு விண்ணப்பத்தின் கார்பன் நகல் என்னிடம் இருக்கிறது. விதிப்படி இருக்கக் கூடாது. ஓய்வு பெற்ற அன்று கோப்பிலிருந்து உருவிக்கொண்டு வந்தேன். பதினெட்டு மாணவர்களின் பெயர்கள். பதினோராவது பெயருக்கு எதிரே பென்சிலால் ஒரு சிறு கோடு. அதைப் போட்டவர் அறிவியல் டீச்சர்.

கல்வராயன் மலையடிவாரத்தில், மலையிலிருந்து இறங்கும் பேருந்து நின்று மூச்சுவிடுகிற இடத்தில் எங்கள் உயர்நிலைப் பள்ளி. டீச்சர் மணலூர்பேட்டைக்காரர். புதிதாக வந்தவர் என்பதால், யாருக்கும் வேண்டாத தொழில் வழிகாட்டிப் பொறுப்பு அவர் தலையில் விழுந்தது. அதற்கு முன் அந்தப் பொறுப்பு ஒரு பதிவேடாக இருந்தது. ‘வழிகாட்டுதல் வழங்கப்பட்டது’ என்று மாதம் ஒருமுறை எழுதிக் கையெழுத்திட்டால் முடிந்தது. டீச்சர் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு அரைத்தாள் கொடுத்தார். என்ன வேலைக்குப் போக ஆசை? அந்த வேலையைச் செய்பவரைக் கண்ணால் பார்த்ததுண்டா? இரண்டே கேள்விகள். மதிய உணவு வேளையில் அந்தத் தாள்களை என் மேசையில் பரப்பினார்.

“பாருங்க சார், எல்லாம் டீச்சர், கண்டக்டர், போலீஸ். டாக்டர்னு ஒண்ணு கூட எழுதல. பாத்தாத்தானே எழுதும்?”

ஒரே ஒரு தாள் வேறு மாதிரி இருந்தது. எழுதியவள் விடுதியில் தங்கிப் படித்த மலைப்பெண். ‘கரும்புச் சாற்றில் சர்க்கரை எவ்வளவு என்று பார்க்கும் வேலை. பார்த்ததில்லை. டீச்சர் சொன்னார்.’ மூங்கில்துறைப்பட்டு ஆலையின் சோதனைக்கூடத்தில் டீச்சரோடு படித்த ஒரு பெண் வேலை பார்த்தார். அவரைப் பற்றி வகுப்பில் சொன்னதுதான் இந்த விதை.

பெண்ணின் தகப்பனார் மகளை அழைத்துப்போக வந்தார். தீபாவளி முடிந்ததும் குடும்பத்தோடு கரும்பு வெட்டப் போவது அவர்கள் வழக்கம். அந்த வருடம் மகளும் வெட்டுக்கு வர வேண்டும் என்றார். டீச்சர் விடவில்லை. ஒரு மணி நேரம் என் அறை வாசலிலேயே பேச்சு நடந்தது. கடைசியில் அவர், “பொம்பள ஒருத்தி சம்பளத்துக்குக் குந்திக்கினு சாறு அளக்குறான்றீங்க. அத என் கண்ணால பாத்துட்டா நான் ஏங்க இவள வெட்டுக்கு இட்டுக்கினு போறேன்? இங்கயே படிக்கட்டும்” என்றார். பிறகு என்னைப் பார்த்து, “ஞாயித்துக்கெழமன்னா எனக்குத் தோதுப்படும் சார்” என்றார்.

நான் சிரித்தேன். இன்றும் அந்தச் சிரிப்பு என் காதில் கேட்கிறது. “ஞாயிறு லீவுங்க. லீவு நாளுக்கெல்லாம் அனுமதி தர மாட்டாங்க” என்றேன். விதி தெரிந்தவன் சொன்னதால் இருவரும் தலையாட்டினார்கள்.

விண்ணப்பத்தை நானே எழுதினேன். பார்வை, பொருள், இணைப்பு எல்லாம் அதனதன் இடத்தில் இருந்தன. ஒரு காற்புள்ளிகூடப் பிசகவில்லை. பதினைந்து நாள் போயிற்று. நினைவூட்டு ஒன்று. நினைவூட்டு இரண்டு. மதியம் தபால்காரர் வரும் நேரத்துக்குச் சரியாக டீச்சர் தூக்குப்பாத்திரத்தோடு வந்து என் எதிரே உட்காருவார். “இன்னா சார், உங்க ஆபீஸ்காரங்க எழுந்தாங்களா, இல்லியா?” என்பார். இல்லை என்று சொல்ல எனக்கு வருத்தம். நாளையும் அவர் வந்து கேட்பார் என்பதில் கொஞ்சம் சந்தோஷம். இதை அன்று எந்தப் பதிவேட்டிலும் எழுதவில்லை, இன்று எழுதுகிறேன்.

தீபாவளிக்கு நான்கு நாள் முன்பு, “வர்றது வரட்டும், நானே இட்டுக்கினு போயிட்டு வந்துரட்டா?” என்று கேட்டார். “இன்னும் தகுதிகாண் பருவமே முடியல, வேலையோட விளையாடாதீங்க டீச்சர். ஒரு வாரம் பாப்போம்” என்றேன். உடனே கேட்டுக்கொண்டார். என் சொல்லுக்கு அவ்வளவு மதிப்பு. அந்த ஒரு வாரத்தில் மலையிலிருந்து வெட்டு ஆட்கள் லாரி ஏறிவிட்டார்கள், அவளும் ஏறிவிட்டாள். அவள் வராமல் விதித்த நாட்கள் கடந்ததும், விண்ணப்பத்தில் பதினோராவதாக இருந்த அவள் பெயரை வருகைப் பதிவேட்டில் சிவப்பு மையால் அடித்தவனும் நானே.

பொங்கல் விடுமுறை முடிந்து வந்த டீச்சர் தூக்குப்பாத்திரத்தைத் திறக்கவில்லை. “அவளப் பாத்தேன் சார். ஆலை கேட்டுக்கு வெளிய வண்டிங்க வரிசையா நிக்குமே, அதுல ஒரு கட்டை வண்டி. கரும்பு பாரத்து மேல குந்திக்கினு இருந்தா. என்னப் பாத்ததும் எறங்கப் பாத்தா, அவங்கப்பா வேணான்னுட்டாரு. ‘உள்ள போக இன்னும் அம்பது வண்டி கீது டீச்சர்’னு மேலேருந்தே சொன்னா.” பிறகு என் மேசை மீதிருந்த முத்திரையை எடுத்து, தேதியை வெறுமனே முன்னும் பின்னும் திருப்பிக்கொண்டிருந்தார். என்னை ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம்.

மாசியில் டீச்சருக்கு ஊர்ப்பக்கம் மாறுதல் கிடைத்தது. போகும்போது மிச்சமிருந்த அரைத்தாள் ஒன்றை என் முன் வைத்து, “நீங்களும் எழுதுங்க சார்” என்று சிரித்தார். கார்பன் நகலோடு அந்தத் தாளும் குத்தியிருக்கிறது. எழுதப்படாமல்.

போன மாதம் கள்ளக்குறிச்சியில் ஒரு கல்யாண மண்டபத்தில் பள்ளிப் பிள்ளைகளுக்கு வழிகாட்டி முகாம். வாசலில் பத்துப் பதினைந்து பேருந்துகள். அனுமதி காலையில்தான் செல்பேசியில் வந்ததாம். ஓர் ஆசிரியர் அலட்சியமாகச் சொன்னார். உள்ளே வெள்ளைக் கோட்டு அணிந்த ஒரு பெண் கண்ணாடிக் குழாயைத் தூக்கிப் பிடித்து ஏதோ விளக்கிக்கொண்டிருந்தாள். பிள்ளைகளுக்குப் பின்னால் நானும் வரிசையில் நின்றேன். “பேத்திக்கா தாத்தா?” என்று கேட்டாள். “இல்லம்மா. எங்க ஸ்கூல் பொண்ணு ஒண்ணுக்கு” என்றேன். அந்தப் பெண்ணுக்கு இப்போது பேத்தி இருக்கக்கூடும்.

வீட்டுக்கு வந்து நகலை எடுத்தேன். அதன் பின்னால் அந்தப் பதில். ஆம், வந்தது. பத்தி ஒன்று: அனுமதி வழங்கப்படுகிறது. பத்தி இரண்டு: மாணவர்கள் மதிய உணவும் குடிநீரும் கொண்டு செல்ல வேண்டும். பத்தி மூன்று: விடுமுறை நாட்களில் பெற்றோர் தம் பிள்ளையைத் தாமே அழைத்துச் செல்வதற்கு இவ்வலுவலகத்தின் அனுமதி தேவையில்லை. விண்ணப்பித்த ஆசிரியர் மாறுதலில் போயிருந்தால் நகலைப் புதிய பள்ளிக்கு அனுப்ப வேண்டும் என்பதும் விதிதான். நான் அனுப்பவில்லை. மூன்றாம் பத்தியை டீச்சர் படித்துவிடக் கூடாது என்று மடித்து உள்ளே வைத்தேன். பதில் வந்து சேர்ந்தது பத்தாம் வகுப்புப் பரீட்சை முடிந்து, விடுதி காலியாகி, பள்ளியின் கடைசி வேலை நாளில். டீச்சர் திருப்பி விளையாடிய அதே முத்திரையால்தான் தேதியிட்டேன்: ஏப்ரல் 29.