கிட்னிக்கென்று ஒரு நீல டிரம்

என் உடம்பில் வேலை செய்கிற சிறுநீரகம் என் மனைவியுடையது. மூன்று வருடத்துக்கு முன்பு சேலத்தில் ஒரு மருத்துவமனையில் அவளிடமிருந்து எடுத்து எனக்கு வைத்தார்கள். அன்றிலிருந்து பாப்பிரெட்டிப்பட்டியில் என்னை யாரும் நலம் விசாரிப்பதில்லை, கிட்னியைத்தான் விசாரிக்கிறார்கள். என் ஜெராக்ஸ் கடைக்கு ஆதார் அட்டை நகலெடுக்க வருகிறவர்கூட, "கிட்னி நல்லா இருக்குதுங்களா?" என்று கேட்டுவிட்டுத்தான் அட்டையை நீட்டுவார். "அது நல்லா இருக்குதுங்க, எனக்குத்தான் சளி" என்றால், "கிட்னி நல்லா இருந்தாச் சரி" என்று போய்விடுவார். சளிக்கு எங்கள் ஊரில் மரியாதை கிடையாது.

வீட்டிலும் இதே கதைதான். சுத்தமான தண்ணீர் நாளைக்கு மூன்று லிட்டர் குடிக்க வேண்டும் என்று டாக்டர் சொன்னதை என் மனைவி சட்டமாக எடுத்துக்கொண்டாள். ஒகேனக்கல் தண்ணீர் எங்கள் தெருக் குழாயில் அதற்குத் தோன்றும்போது வரும். வராத நாட்களில் கிட்னி என்ன செய்யும்? அதற்காகவே ஒரு நீல டிரம் வாங்கி, சமையலறைக்குப் பின்னால் நிழலில் வைத்தாள். அதிலிருந்துதான் தினமும் மொண்டு, கொதிக்க வைத்து, ஆற்றி எனக்குத் தருவாள். அவளுக்கும் விருந்தாளிகளுக்கும் சாதாரணக் குடம். என் அண்ணன் ஒருமுறை தெரியாமல் டிரம்மில் சொம்பை விட்டுவிட்டார். "மாமா, அது கிட்னி தண்ணிங்க" என்று அவள் போட்ட சத்தத்தில் மனிதர் சொம்பை உள்ளேயே போட்டுவிட்டார்.

கிட்னி தண்ணீர் ஒருநாளும் காலியாகக் கூடாது என்பது அவள் விதி. பாதி குறைந்ததும் பழைய தண்ணீரின் மேலேயே புதுத் தண்ணீரை ஊற்றிவிடுவாள். அதனால் அந்த டிரம்மைக் கவிழ்த்துக் கழுவ வேளையே வரவில்லை. மூடி உடைந்த பிறகு என் பழைய வேட்டி ஒன்றை வாயில் கட்டி வைத்தாள். வேட்டியில் ஓர் ஓட்டை இருந்தது. அது எப்படி வந்தது என்ற பேச்சு எழும் என்பதால் நானும் அதைக் காட்டிக்கொள்ளவில்லை.

வாரத்துக்கு ஒருமுறை கொசுப்புழு பார்க்கிற பெண்கள் டார்ச் லைட்டும் மருந்துமாக வருவார்கள்.

"அக்கா, டிரம்மைத் தொறங்க. மருந்து ஊத்தணும்."

"அதுல வேண்டாம்மா. அது கிட்னி தண்ணி."

"குடிக்கற தண்ணியிலயும் ஊத்தலாங்கக்கா. ஒண்ணும் பண்ணாது."

"உனக்கு ஒண்ணும் பண்ணாது. கிட்னிக்கு?"

இந்தக் கேள்விக்கு அவர்களுக்கு எந்தப் பயிற்சியிலும் பதில் சொல்லித் தரவில்லை போலிருக்கிறது. சுவரில் தேதி எழுதிவிட்டுப் போவார்கள். என் பங்கையும் சொல்லிவிட வேண்டும். நானும் உள்ளேயிருந்து, "அதான் வேண்டாங்கறாங்கல்ல" என்று அதட்டியிருக்கிறேன்.

போன ஐப்பசி மழையில் எனக்குக் காய்ச்சல் வந்தது. பெரிய காய்ச்சல்கூட இல்லை. கண்ணுக்குப் பின்னால் வலி, எலும்பெல்லாம் அடித்துப் போட்ட மாதிரி. காய்ச்சல் என்றால் சேலத்துக்குப் போன் போட வேண்டும் என்பது எங்களுக்கு நிரந்தர உத்தரவு. அவர்கள் சொன்னபடி அரூரில் ரத்தம் கொடுத்தோம். டெங்கு என்று வந்தது. அன்று மத்தியானமே சேலத்தில் படுத்துவிட்டேன்.

டாக்டர் கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்து பொறுமையாக விளக்கினார். மாற்றுச் சிறுநீரகத்தை உடம்பு விரட்டாமல் இருக்க, எதிர்ப்பு சக்தியைக் குறைக்கும் மாத்திரைகளை நான் ஆயுள் முழுக்கச் சாப்பிட வேண்டும். அவற்றை முழுதாகக் கொடுத்தால் டெங்குவோடு சண்டை போட உடம்பில் ஆள் இருக்காது. எல்லாவற்றையும் நிறுத்தினால் உடம்பு கிட்னியோடு சண்டைக்குப் போய்விடும். ஆகவே ஒரு மாத்திரையை மட்டும் நிறுத்துகிறேன், தினமும் ரத்தம் பார்ப்போம், கிட்னி தாங்குகிறதா என்று பிறகுதான் சொல்ல முடியும் என்றார். அது என் மனைவியுடையது என்பது என் உடம்புக்கு இன்னும் தெரியும் என்று அன்றுதான் உறைத்தது. மூன்று வருடமாக மாத்திரை போட்டு உடம்பை ஏமாற்றி வைத்திருந்தோம். எனக்குப் பயமாக இருந்தது.

இந்த விளக்கத்தை நான் ஊர்க்காரர்களிடம் சொல்லியிருக்கக் கூடாது.

"எதிர்ப்பு சக்தியக் கொறைக்கறதுக்கா மாத்திர?" என்று பக்கத்து வீட்டு அக்கா போனிலேயே அலறினார். "ஊரே அதை ஏத்தறதுக்கு என்னென்னமோ குடிக்குது, நீங்க கொறைச்சுக்கிட்டுப் படுத்துக் கெடக்கறீங்களா?" மறுநாள் முதல் எதிர்ப்பு சக்தி பஸ்ஸில் வர ஆரம்பித்தது. பப்பாளி இலைச் சாறு, நிலவேம்புக் கஷாயம், ஆட்டுப்பால். எங்கள் தெருவில் பப்பாளி மரங்கள் மொட்டையாகிவிட்டதாகக் கேள்வி. என் மாத்திரைகளோடு இவையெல்லாம் என்ன செய்யும் என்று தெரியாது, ஒரு சொட்டும் தொடக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். ஆனால் பாப்பிரெட்டிப்பட்டியிலிருந்து பாட்டிலைச் சுமந்து வந்தவரை எப்படித் திருப்பி அனுப்புவது? மனைவி எல்லாவற்றையும் இரண்டு கையாலும் வாங்கி, அப்படியே பக்கத்துக் கட்டிலுக்குக் கொடுத்தாள். அங்கே கால் எலும்பு முறிந்த ஒருவர் படுத்திருந்தார். அவருக்கு டெங்கு இல்லை. ஆனாலும் அவர் வீட்டம்மா வேளாவேளைக்கு ஊற்றிக் குடிக்கவைத்தார்.

வந்தவர்கள் எல்லோரும் கிரிக்கெட் ஸ்கோர் கேட்பது போலத் தட்டணுக்களின் எண்ணிக்கையைக் கேட்டார்கள். அது இறங்கினால் வராண்டாவில் ஒரு பெருமூச்சு. மனைவி மட்டும் அதைக் காதில் வாங்கவில்லை. "அதை விடுங்க, கிரியாட்டினின் எவ்வளவு?" என்பாள். அந்த எண் ஏறினால் கிட்னி தடுமாறுகிறது என்று அர்த்தம். மூன்று நாளும் ஏறியது.

மூன்றாம் நாள் மாற்றுத்துணி எடுக்க ஊருக்குப் போனவள் திரும்பி வந்து துணிப்பையைக்கூடப் பிரிக்கவில்லை. அடுத்த பஸ்ஸில் பப்பாளி இலைக் கட்டோடு வந்த பக்கத்து வீட்டு அக்காதான் நடந்ததைச் சொன்னார். டெங்கு என்று தகவல் போய், அவள் வீட்டில் இருக்கும்போதே பேரூராட்சியிலிருந்து ஆறு பேர் புகை மெஷினோடு வந்துவிட்டார்களாம். தெருவெல்லாம் புகை. டிரம்மின் வேட்டியை அவிழ்த்து டார்ச் அடித்துப் பார்த்தால், கிட்னி தண்ணீர் முழுக்கக் கொசுப்புழு. "துள்ளிக்கிட்டு இருந்துச்சுங்க, அத்தனையும்" என்று அக்கா கையை ஆட்டிக் காட்டினார்.

அவர் போனதும் என் மனைவி அழுதாள். ஆபரேஷனுக்குப் போகும்போதுகூட அவள் அழவில்லை.

"நானே குடுத்தேன், நானே கொசு வளத்துக் கெடுத்துட்டேன்" என்றாள்.

"வேட்டி என்னுது. ஓட்டையும் என்னுது. பீடி குடிக்கறப்ப விழுந்தது" என்றேன்.

பீடியை விட்டு ஆறு வருடமாகிவிட்டது என்று அவளிடம் நான் கணக்குச் சொல்லி வைத்திருந்தேன். அந்த வேட்டி அவ்வளவு பழசில்லை. அவள் அழுகையை நிறுத்திவிட்டு என்னைத் திட்ட ஆரம்பித்தாள். பக்கத்துக் கட்டிலில் இருந்தவர் சாற்றைக் குடித்தபடி கேட்டுக்கொண்டிருந்தார். எனக்கு அந்தத் திட்டு மருந்து போல இருந்தது.

ஐந்தாம் நாள் எண் நின்றது. ஆறாம் நாள் இறங்கியது. பத்தாம் நாள், நிறுத்திய மாத்திரையைத் திரும்ப ஆரம்பிக்கச் சொல்லி, வீட்டுக்குப் போகலாம் என்றார் டாக்டர். மனைவி மருந்து வாங்கக் கீழே போயிருந்தாள். டாக்டர் கதவைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"உங்க வீட்டம்மா அன்னைக்கு என் ரூமுக்கு வந்தாங்க. கிரியாட்டினின் ஏறிச்சே, அந்த மூணாம் நாள். 'இது போயிருச்சுன்னா என்கிட்ட இன்னொண்ணு இருக்குதுங்க சார், அதை எப்ப எடுப்பீங்க'ன்னு கேட்டாங்க. நல்லாத் திட்டி அனுப்பினேன்" என்று சிரித்தார்.

நானும் அவருடன் சேர்ந்து சிரித்தேன். பஸ் ஏறும் வரையில் சிரிப்பு தாங்கியது. உட்கார்ந்ததும் கோபமும் அழுகையும் ஒன்றாக வந்தன. பஸ்ஸில் ஆட்கள் இருக்கிறார்கள் என்பதுகூட ஞாபகமில்லாமல் கத்திவிட்டேன்.

"ரெண்டையும் குடுத்துட்டு நீ என்ன பண்ணியிருப்ப?"

அவள் மருந்துப் பையை மடியில் வைத்தபடி என்னைத் திரும்பிப் பார்த்தாள். இந்தக் கேள்வி அவளுக்கு இதுவரை தோன்றவே இல்லை என்பது முகத்தில் தெரிந்தது.

"அதை அப்பறம் பாத்துக்கலாம்னு இருந்தேங்க" என்றாள்.