தண்ணீருக்கு அடியில் சுருட்டு வாசம்

நான் சிகரெட்டை நடுவிரலுக்கும் மோதிரவிரலுக்கும் இடையில் பிடித்துப் பழகியவன். ஸ்டைலுக்காக இல்லை. கிழக்குக் கரையில் படகில் வேலை பார்த்தபோது ஆள்காட்டி விரலின் நுனியை எஞ்சின் விசிறி கொண்டுபோய்விட்டது. மிச்சமிருக்கும் துண்டு விரல் கட்டைவிரலோடு சேர்ந்து எதையும் பிடிக்காது. இதை முதலிலேயே சொல்லிவைக்கிறேன். பின்னால் தேவைப்படும்.

மலையில், நோட்டன் பிரிட்ஜ் பக்கத்துத் தேயிலைத் தோட்ட லயத்து வரிசை வீட்டில் பிறந்த நான் கடலைப் பார்த்ததே இருபது வயதில்தான். அங்கே கடலுக்கடியில் மூழ்கப் பழக்கும் ஒரு சுழியோடிப் பள்ளியில் சமையல் உதவிக்குப் போய், பிறகு படகில் ஏறி, கடைசியில் சொல்லிக்கொடுக்கிறவனாகவும் ஆகிவிட்டேன். அந்தப் பள்ளியில் புகைக்காத பயிற்றுநர் ஒருவரும் இல்லை. தண்ணீரை விட்டு மேலே வந்தால் முதுகுச் சிலிண்டரைக் கழற்றும் முன்பே வாயில் ஒன்று புகையும். படிக்க வந்தவர்கள் அதையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். பதினைந்து மீட்டர் ஆழத்தில் உயிரை எங்கள் கையில் கொடுத்துவிட்டு வந்தவர்களுக்கு, நாங்கள் பற்றவைத்தால்தான் ஆபத்து முடிந்தது என்று அர்த்தம். விட்டு இரண்டு வருடமாயிற்று என்று பெருமையடித்தவர்கூட மூன்றாம் நாள் கை நீட்டுவார். நாங்களும் சிரித்துக்கொண்டே கொடுப்போம். மூச்சை நம்பிப் பிழைக்கிற தொழிலில் இருந்துகொண்டு என்ன கூத்து அது என்று இப்போது எரிச்சலாக வருகிறது. அப்போது வரவில்லை.

பள்ளி மூடப்பட்டபோது பழைய சிலிண்டர்களையும் காற்றடைக்கும் கம்ப்ரசரையும் எனக்கே கொடுத்துவிட்டார்கள். மலைக்குக் கொண்டுவந்தேன். எங்கள் பக்கம் திரும்பின இடமெல்லாம் நீர்த்தேக்கம். யாராவது விழுந்தால் கீழ்நாட்டிலிருந்து சுழியோடிகள் வரவேண்டும். அதற்குள் நாள் கடந்துவிடும். தோட்டத்து இளைஞர் நான்கு பேரைப் பழக்கிவிட்டால் வீட்டுக்காரர்கள் கரையில் காத்துக் கிடக்கவேண்டாமே என்று நினைத்தேன்.

நான்கு பேரில் ஒருத்தி பெண். கொழுந்தெடுக்கப் போகும் தாய்மாரின் குழந்தைகளைப் பிள்ளைக்காம்பராவில் பார்த்துக்கொள்பவள். வயது இருபத்தாறு. அவளுடைய தம்பி இதே தண்ணீரில் விழுந்து மூன்றாம் நாள்தான் கிடைத்தான். மூன்று நாளும் அவள் கரையிலேயே உட்கார்ந்திருந்தாள். இனி யாரும் அப்படி உட்காரக்கூடாது என்பதுதான் அவள் சேர்ந்ததற்குக் காரணம். அவளுடைய மூச்சு ஒரு அதிசயம். மற்ற மூவரும் முப்பது நிமிடத்தில் முடிக்கிற காற்றை அவள் நாற்பத்தைந்து நிமிடம் வைத்திருப்பாள். தேடுகிற வேலையில் அந்தப் பதினைந்து நிமிடம்தான் எல்லாம்.

நாங்கள் பழகிய இடத்தில் அணை கட்டுவதற்கு முன் ஒரு தோட்டம் இருந்தது. அதன் கீழ் டிவிஷன் முழுக்கத் தண்ணீருக்குள் போய்விட்டது. லயத்துச் சுவர்கள், பாதை, ஒரு முனியாண்டி கோயில். கோயில் என்றால் கூரையில்லாத கல்மேடையும் நட்டுவைத்த சூலமும்தான். சுருட்டும் சாராயமும் வைத்துக் கும்பிட்ட சாமி. டோர்ச் அடித்தால் பச்சை வெளிச்சத்தில் சூலம் மட்டும் முன்னால் வரும். கிளம்பின சேறு அடங்காமல் அப்படியே தொங்கும். பல வருடம் கடலில் இறங்கியவன் நான். ஆனாலும் அந்த மேடைக்கு முதுகைக் காட்ட எனக்குப் பிடிக்காது.

மூன்றாவது வாரம் அவள் மேலே வந்து முகக்கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சொன்னாள். "அண்ணே, கீழ யாரோ சுருட்டு இழுக்கிறாங்கண்ணே."

மற்ற மூவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். அவர்களுக்கும் அந்த வாசம் அடித்ததாம். பயத்தில் சொல்லாமல் இருந்திருக்கிறார்கள். எனக்கு எதுவும் அடிக்கவில்லை. தண்ணீருக்குள் மூக்கையே மூடிக்கொண்டு போகிறோம், வாசம் எங்கே வரும் என்று சிரித்தேன். ஆனால் வாயால் இழுக்கிற காற்றிலும் தொண்டை வாசம் பிடிக்கும் என்பது எனக்குத் தெரியும்.

அடுத்த நாள் மூவரும் ஒரு சுருட்டு வாங்கிவந்து கரைக்கல்லில் பற்றவைத்து வைத்தார்கள். முனி கேட்கிறாராம். அதற்கடுத்த வாரம் வைத்ததில் ஆளுக்கொரு இழுப்பு இழுத்துவிட்டு இறங்கினார்கள். பிறகு சுருட்டுப் போய் என் சிகரெட்டே வந்தது. என் பெட்டியிலிருந்தே எடுத்தார்கள். அவளும் இருமிக்கொண்டே இரண்டு இழுப்பு இழுத்தாள். நான் தடுக்கவில்லை. உண்மையைச் சொன்னால், நான்கு பேரும் என்னைச் சுற்றி நின்று புகைப்பதைப் பார்க்க எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. பழைய பள்ளி திரும்பி வந்ததாக ஒரு நினைப்பு.

வாசம் நாளுக்கு நாள் கூடியது. இறங்கி வந்தால் தலைவலி என்றார்கள். எனக்கும் இருந்தது. மலைக்குளிர் என்றேன்.

பிறகு அந்தக் காலை. கரை தெரியாத அளவுக்கு மூட்டம். அவளும் நானும் கயிற்றைப் பிடித்துக்கொண்டு இறங்கினோம். பாதி நேரத்தில் பக்கத்தில் அவள் இல்லை. வெளிச்சத்தைச் சுழற்றினேன். மேடையின் மேல் காலை மடக்கி, சூலத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். சரியா என்று கையால் கேட்டேன். பதில் இல்லை. முகக்கண்ணாடிக்குள் கண் திறந்திருந்தது. என்னைத் தாண்டி எதையோ பார்த்துக்கொண்டிருந்தாள், சிரிக்கிற மாதிரி இருந்தது. காற்றுக்குமிழ் ஒன்று போய் அடுத்தது வருவதற்குள் எனக்கு உயிர் போனது. அவளை அணைத்துப் பிடித்து, மெதுவாக, மெதுவாக என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு மேலே கொண்டுவந்தேன்.

கரையில் வாந்தி எடுத்தாள். பெயர் கேட்டால் தம்பியின் பெயரைச் சொன்னாள். மற்றவர்கள் வேனுக்கு ஓடினார்கள். அவளுடைய அம்மா கொழுந்துக்கூடையோடு மலையிலிருந்து இறங்கி வந்துவிட்டார். நான் செய்வதறியாமல் அவள் சிலிண்டரின் வால்வைத் திறந்துவிட்டேன். காற்று சீறிக்கொண்டு அந்த அம்மாவின் முகத்தில் அடித்தது. அவர் சேலைத் தலைப்பால் மூக்கை மூடிக்கொண்டார்.

"இதுக்குள்ளயுமா சிகரெட்டு குடிக்கிறீங்க?" என்றார்.

எனக்குப் புரிய ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. அவளை ஆஸ்பத்திரிக்கு ஏற்றிவிட்டு நேராகக் கம்ப்ரசர் கொட்டகைக்கு ஓடினேன். காற்றை இழுக்கிற குழாயை ஆரம்பத்தில் வெளியே உயரக் கம்பத்தில்தான் கட்டியிருந்தேன். மூட்டம் உள்ளே போனால் சிலிண்டரில் ஈரம் சேரும் என்று நானே அதை அவிழ்த்துக் கொட்டகைக்குள் ஜன்னல் கம்பியில் கட்டினேன். கடற்கரையில் யாரும் செய்யாத வேலை. குழாயின் வாய்க்கு நேர் கீழே என் நாற்காலி. நாற்காலிக்குப் பக்கத்தில் தேங்காய்ச் சிரட்டை நிறைய என் சிகரெட் துண்டுகள். சிலிண்டர் நிரம்பும்வரை அங்கேதான் உட்கார்ந்து ஊதுவேன். சுவருக்கு அந்தப் பக்கம் கம்ப்ரசரை ஓட்டும் எஞ்சின். அதன் புகையும் ஜன்னல் வழியாகத்தான் வந்திருக்கிறது. அவளை மயக்கியது அதுதான். ஆனால் வெறும் எஞ்சின் புகை அடித்திருந்தால் முதல் நாளே நிறுத்தியிருப்போம். என் சிகரெட் வாசம் அதை மூடியது, முனியின் பெயர் எல்லாவற்றையும் மூடியது. எனக்கு மட்டும் அடிக்காததற்குக் காரணமும் சாமி இல்லை. பதினெட்டு வருடம் புகைத்த மூக்கு, தன் புகையை எப்படிக் கண்டுபிடிக்கும்?

அவளுக்கு ஒரு நாள் முழுக்க ஒட்சிசன் கொடுத்தார்கள். பிழைத்தாள். நால்வரையும் உட்கார வைத்து எல்லாவற்றையும் சொன்னேன், என் வாயாலேயே. நன்றாகத் திட்டுவார்கள் என்று எதிர்பார்த்தேன். ஒருவன் யோசித்துவிட்டு, முனிதான் என் வாய் வழியாக வந்திருக்கிறார் என்றான். மற்ற இருவரும் தலையாட்டினார்கள். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. குழாயைக் கம்பத்தில் ஏற்றினேன், வடிகட்டியை மாற்றினேன், சிகரெட்டை அன்றோடு விட்டேன். கரையில் யாரும் பற்றவைக்கக்கூடாது என்றும் சொல்லிவிட்டேன்.

இரண்டு மாதம் கழித்து அவள் திரும்பி வந்தாள். சுத்தமான காற்றோடு இறங்கி ஏறினாள். இருபத்தெட்டு நிமிடம். அடுத்த முறையும் அவ்வளவுதான். அந்த அதிசய மூச்சு எங்கே போனது என்று எனக்கு விளங்கவில்லை.

சென்ற மழைக்காலத்தில் முதல் அழைப்பு வந்தது. மீன் பிடிக்கப் போன ஒருவர் மிதவையிலிருந்து வழுக்கி விழுந்துவிட்டார். அவருடைய மனைவி கரையில் உட்கார்ந்திருந்தார். தானே முதலில் இறங்குவேன் என்று அவள் பிடிவாதமாக நின்றாள். படகில் உபகரணங்களைத் தயார் செய்துவிட்டுத் திரும்பினேன். கொட்டகைக்குப் பின்னால் அவசரமாகப் புகைத்துக்கொண்டிருந்தாள். ஐந்து விரலும் முழுசாக இருக்கிற கை. சிகரெட் நடுவிரலுக்கும் மோதிரவிரலுக்கும் இடையில் இருந்தது.

பிடுங்கி எறிந்தேன். ஏன் என்று கேட்டேன். கத்தியிருக்கிறேன் என்று பிறகு சொன்னார்கள்.

"அந்த வாசம் இருந்தப்ப கீழ ஒரு ஆளு கூட இருந்த மாதிரி இருந்துச்சுண்ணே," என்றாள் தரையைப் பார்த்தபடி. "இப்ப கீழ யாருமே இல்ல. தம்பி கிடந்த எடம்ணே அது. இழுத்துட்டுப் போனா வாயில கொஞ்ச நேரம் இருக்கும்."

அவளை அனுப்பாமல் இருந்திருக்கலாம். ஆனால் மற்ற மூவரும் இன்னும் வந்து சேரவில்லை, கயிற்றைப் பிடிக்க நான் வேண்டும், கரையில் அந்த மனைவி எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். மூட்டம் கயிறு வரை இறங்கியிருந்தது. அவள் மூச்சுக்குழாயின் கடிவாயைக் கடித்துக்கொண்டு மூழ்கினாள்.

நான் படகில் குனிந்து குமிழ்களை எண்ணினேன். வேகமாக வந்தன, தேவைக்கு மேல் வேகமாக. புகைப்பதை விட்ட பிறகு என் மூக்கு கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பி வந்துகொண்டிருந்த நேரம் அது. முதல் குமிழ்கள் என் முகத்துக்கு நேரே வெடித்தன. பதினெட்டு வருடம் நான் புகைத்தது என்ன வாசம் என்று அன்றுதான் எனக்குத் தெரிந்தது.